அந்தக் குழந்தையின் பயம் எனக்கு எப்படி வந்தது?

கேள்வி

மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு,

நான் திருவெள்ளறையிலிருந்து எழுதுகிறேன். எம்.எஸ்.டபிள்யூ. படித்துவிட்டுச் சில வருடங்களாகக் குழந்தைகள் பாதுகாப்புப் பணியில், ஒப்பந்த அடிப்படையில் இருக்கிறேன். காலையில் துறையூர் பஸ்ஸைப் பிடித்துச் சத்திரம் பேருந்து நிலையம், அங்கிருந்து அலுவலகம். போக்சோ வழக்குகளில் குழந்தைகளை ஆஸ்பத்திரிக்கும் கோர்ட்டுக்கும் அழைத்துப் போவேன். வீடு தேடிப் போய் விசாரிப்பேன். குழந்தைகள் நலக் குழுவுக்கு அறிக்கை எழுதுவேன்.

போன ஆடி மாதம் ஒரு பாப்பாவின் வழக்கு வந்தது. என்ன நடந்தது என்று அவளுக்குச் சொல்ல வரவில்லை. கதவுத் தாழ்ப்பாள் சத்தத்தை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். நான் எழுதிக்கொண்டேன். அன்றைக்கு ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒரு நாள் ராத்திரி வீட்டுக்காரர் எங்கள் வாசல் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டார். எனக்குக் கை கால் உதறிவிட்டது. அது முதல் அந்தச் சத்தம் கேட்டாலே நெஞ்சு அடைக்கிறது. ராத்திரி இரண்டு மணிக்கு விழித்தால் அப்புறம் தூக்கம் இல்லை. மகள் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். அவளை டியூஷனிலிருந்து நிறுத்திவிட்டேன். என் சொந்தத் தம்பி அவளைத் தூக்கினால்கூடப் பதறுகிறது. அவனைக் கண்டபடி பேசியும்விட்டேன். ஆனால் அலுவலகத்தில் ஒரு குழந்தை அழுதால் எனக்கு ஒன்றுமே தோன்றுவதில்லை. கல் மாதிரி உட்கார்ந்திருக்கிறேன். இதுதான் எனக்குப் பெரிய பயம்.

வீட்டுக்காரர் 'வேலையை விட்டுடு' என்கிறார். மாமியார் குணசீலத்துக்கு அழைத்துப் போய் ஒரு மண்டலம் தங்கவைக்கலாம் என்கிறார். வழக்கு விவரம் வெளியே சொல்லக் கூடாது என்பதால் யாரிடமும் பேசவும் முடியவில்லை. கொடுமையை அனுபவித்தது அந்தக் குழந்தை. எனக்கு ஏன் இப்படி? தாழ்ப்பாளை மாற்றிவிட்டால் சரியாகுமா? நான் இந்த வேலைக்கு லாயக்கில்லாதவளா?

பெயர் வெளியிட வேண்டாம்.

பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். லாயக்கில்லாதவர் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். உங்களுக்கு ஏற்பட்டிருப்பது வேலையில் பட்ட காயம். வேலையைச் சரியாகச் செய்ததால் பட்ட காயம். கடிதத்தை மட்டும் வைத்து நோய்க்குப் பெயர் சூட்டுவது முறையில்லை, நேரில் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். ஆனாலும் நீங்கள் எழுதியிருக்கிற ஒவ்வொன்றும் இரண்டாம் நிலை மனக்காயம் என்று நாங்கள் சொல்வதோடு பொருந்துகிறது.

மனக்காயம் என்றால் தனக்கே நேர்ந்தது, அல்லது கண்ணெதிரே பார்த்தது என்றுதான் மருத்துவமும் வெகுகாலம் நினைத்திருந்தது. பாதிக்கப்பட்டவர்களின் கதையைத் தினமும் கேட்கிற சிகிச்சையாளர்களுக்கு இந்த உலகம் பாதுகாப்பானது, மனிதர்களை நம்பலாம் என்ற அடிப்படை நம்பிக்கைகளே ஆட்டம் காண்கின்றன என்று மெக்கான், பேர்ல்மேன் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 1990-இல் எழுதினார்கள். சார்லஸ் ஃபிக்லி 1995-இல் இதைப் பற்றி ஒரு நூலே கொண்டுவந்தார். 2013-இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் வெளியிட்ட டி.எஸ்.எம்.-5 கையேடு, கொடுமையின் விவரங்களை வேலை நிமித்தமாகத் திரும்பத் திரும்பக் கேட்க நேர்வதையும் மனக்காயத்துக்கான காரணங்களில் ஒன்றாகச் சேர்த்தது. அதற்கு அவர்கள் காட்டும் உதாரணங்களில் ஒன்றைக் கேளுங்கள்: குழந்தைகள் மீதான வன்கொடுமையின் விவரங்களைக் கேட்கும் போலீஸ்காரர்கள். டிவியில் பார்த்தது அந்தக் கணக்கில் வராது, வேலைக்காகக் கேட்டது வரும். 'கொடுமையை அனுபவித்தது அந்தக் குழந்தைதானே' என்று இனி உங்களையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்தாதீர்கள்.

எப்படி வந்தது என்று கேட்டீர்கள். அந்தப் பாப்பா இருந்த அறையை நீங்கள் பார்த்ததில்லை. ஆனால் அவள் சொல்வதைப் புரிந்துகொள்ள, அவளை நம்ப, அந்த அறையை உங்கள் மனசுக்குள் நீங்களே கட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. கற்பனை எதை வைத்துக் கட்டும்? தெரிந்த சாமான்களை வைத்துத்தான். அவள் தாழ்ப்பாள் என்று சொன்னபோது உங்கள் மனசு அனேகமாக உங்கள் வீட்டுத் தாழ்ப்பாளைத்தான் எடுத்துக் கொடுத்திருக்கும். அதனால்தான் கோர்ட்டிலோ அலுவலகத்திலோ வராத நடுக்கம் உங்கள் வாசலில் வந்தது. இப்படிப் பாதிக்கப்பட்ட பணியாளர்களுக்கு, அவர்கள் கவனித்த குழந்தைகளின் அறிகுறிகளே வருவதைப் பார்த்திருக்கிறேன்: அதே திடுக்கிடல், அதே தூக்கமின்மை, அதே அவநம்பிக்கை.

அலுவலகத்தில் கல்லாக உட்கார்ந்திருப்பதும் இதே காயத்தின் இன்னொரு முகம். வீட்டில் மனசு சதா காவல் நின்று களைத்துப்போகிறது. இன்னொரு குழந்தையின் அழுகையை உள்ளே விட அதற்கு இடமில்லை, அதனால் மரத்துப்போகிறது. உங்கள் இரக்கம் எங்கும் போய்விடவில்லை. தூக்கம் திரும்பி, பாரம் குறைந்தால் அதுவும் திரும்பும். இதை வெறும் வேலைச் சலிப்போடு குழப்பிக்கொள்ள வேண்டாம். சலிப்பு மெல்ல மெல்ல ஏறும். கோப்பு, கூட்டம், வராத பயணப்படி என்று அதற்குக் காரணங்கள் இருக்கும். இந்தக் காயம் ஒரே வழக்கில், ஒரே வாக்கியத்தில்கூட வந்துவிடலாம்.

உங்கள் கடிதத்தை இங்கே முழுதாக வெளியிடுவதற்குக் காரணம், இது உங்கள் ஒருவர் பிரச்சினை இல்லை என்பதுதான். குழந்தைகள் உதவி எண் 1098-க்கு வரும் அழைப்புகளை எடுக்கிறவர்கள், இல்லங்களில் இருபத்துநாலு மணி நேரமும் 'அம்மா' என்று அழைக்கப்படும் காப்பாளர்கள், குழந்தைகள் வார்டு நர்ஸ்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், சாட்சியத்தை வார்த்தை விடாமல் தட்டச்சு செய்கிற கோர்ட் ஊழியர் என்று எத்தனை பேர். அந்தத் தட்டச்சு செய்கிறவரைப் பற்றி யாராவது யோசித்ததுண்டா?

நம் பகுதிக்கு இது புதுசும் இல்லை. 2004-ஐ நினைத்துப் பாருங்கள். ஜனவரியில் ஸ்ரீரங்கம் கல்யாண மண்டபத் தீ விபத்து, மணமகனும் இறந்தார். ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகள். டிசம்பர் 26 அன்று நாகப்பட்டினம் கரையில் சுனாமி. ஒரே வருஷம், ஒரே காவிரிப் படுகை. அந்தப் பிள்ளைகளைத் தூக்கி வந்தவர்கள், கட்டுப் போட்டவர்கள், அடையாளம் காட்ட வந்த பெற்றோருக்குப் பக்கத்தில் நின்றவர்கள் எத்தனையோ பேர். நாகையில் உதவிக்கு நின்றவர்களில் பலர் தங்கள் வீட்டையும் உறவையும் பறிகொடுத்தவர்கள். பிறகு 2019 அக்டோபர் 25. மணப்பாறை பக்கம் நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை ஆழ்துளைக் கிணற்றில் விழுந்தது. தீயணைப்புத் துறையினரும் மீட்புப் படையினரும் ராப்பகலாகப் போராடியும் 29-ஆம் தேதி அதிகாலையில் உடலைத்தான் எடுக்க முடிந்தது. தமிழ்நாடே டிவி முன்னால் உட்கார்ந்திருந்தது. நாம் டிவியை அணைத்துவிட்டோம். குழிமேட்டில் நின்றவர்கள் எதை அணைப்பார்கள்? இழப்பீடு, விசாரணை, கண்டனம் எல்லாம் பேசுகிறோம். கூட நின்றவர்களின் தூக்கத்தைப் பற்றி நாம் பேசுவதே இல்லை. இது எனக்கு ஆறாத ஆதங்கம்.

சரி, தாழ்ப்பாள். மாற்ற வேண்டாம். மாற்றினால் அன்றைக்கு நிம்மதியாக இருக்கும். அடுத்து கேட்டின் சத்தம், பிறகு பாத்ரூம் கதவு என்று பயம் இடம் மாறிக்கொண்டே போகும். விலகிப் போகப் போக அது வளரும். அதற்குப் பதில், பகல் வெளிச்சத்தில், வீட்டில் நம்பிக்கையான ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது, நீங்களே உங்கள் கையால் அந்தத் தாழ்ப்பாளைப் போட்டு எடுங்கள். கை அதன் மேலேயே இருக்கட்டும். இரும்பு சில்லென்று இருக்கிறதா, பெயின்ட் எங்கே உரிந்திருக்கிறது, அடுப்படியிலிருந்து என்ன வாசனை வருகிறது, தெருவில் என்ன சத்தம் என்று கவனியுங்கள். 'இது என் வீடு. இது திருவெள்ளறை. இதை உள்ளேயிருந்து போடுவது நான்' என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். மூச்சை இழுப்பதைவிட மெதுவாக வெளியே விடுங்கள். படபடப்பு ஏறும், சற்று நேரத்தில் தானாகவே இறங்கும். அது இறங்குகிற வரை கையை எடுக்காமல் நில்லுங்கள். தினம் ஒரு தடவை போதும். தாங்க முடியாத அளவுக்கு ஏறினால் தனியாகத் தொடராதீர்கள், சிகிச்சையாளர் துணையோடு செய்யலாம்.

யாரிடமும் பேச முடியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். என்னை மிகவும் வருத்தியது இந்த வரிதான். இளைஞர் நீதிச் சட்டமும் போக்சோ சட்டமும் குழந்தையின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்கின்றன. குழந்தையைப் பற்றிய எல்லாவற்றையும் ரகசியமாக வைத்திருக்க வேண்டும் என்று 2020-ஆம் ஆண்டு போக்சோ விதிகள், வழக்கில் குழந்தைக்குத் துணையாக நியமிக்கப்படும் நபருக்குக் கட்டளையிடுகின்றன. அதில் ஒரு எழுத்தும் மீறக் கூடாது. ஆனால் அந்தச் சட்டம் காப்பது குழந்தையை. உங்கள் பயத்தை மூடிவைக்கச் சொல்லும் சட்டம் எதுவும் கிடையாது. வீட்டுக்காரரிடம் ஊர், பேர், என்ன நடந்தது, எதுவுமே சொல்லாமல் இதைச் சொல்லலாம்: 'வேலையில் கேட்ட ஒரு விஷயம் என்னை விட்டுப் போகமாட்டேங்குது. தாழ்ப்பாள் சத்தம் கேட்டா எனக்கு உதறுது. நீங்க பூட்டுறதுக்கு முன்னாடி ஒரு குரல் கொடுங்க.' அவர் 'விட்டுடு' என்று சொல்வது வேறு என்ன செய்வதென்று தெரியாததால்தான். செய்ய ஒரு வேலை கொடுத்தால் கட்டாயம் செய்வார்.

சக ஊழியரிடம் பேசுவதிலும் ஒரு முறை இருக்கிறது. டீ குடிக்கப் போகும்போது, பஸ்ஸுக்கு நிற்கும்போது, 'இன்னைக்கு ஒரு கேஸ் வந்தது பாரேன்' என்று கொடூரமான விவரங்களைக் கொட்டிவிடுகிறோம். நாம் இறக்கிவைக்கிறோம், கேட்கிறவர் தூக்கிக்கொண்டு போகிறார். முதலில் கேளுங்கள்: 'கஷ்டமான விஷயம் ஒண்ணு, இப்ப கேக்க முடியுமா?' அவர் சரி என்றால் உங்களுக்கு என்ன ஆயிற்று என்பதைச் சொல்லுங்கள். காட்சியை விட்டுவிடுங்கள். கோப்பு படிப்பதிலும் அப்படித்தான். அறிக்கைக்குத் தேவையான பக்கங்களை மட்டும், பகலில், ஒரு தடவை படியுங்கள். வீட்டுக்கு எடுத்து வராதீர்கள். குழந்தையிடம் கதையைத் திரும்பச் சொல்லவைப்பதைக் குறைத்தால் அவளுக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது.

மகள் விஷயம். உங்கள் எச்சரிக்கையில் பாதி உண்மையானது, அதை நான் மறுக்கமாட்டேன். குழந்தைகளைத் துன்புறுத்துகிறவர்களில் பெரும்பாலோர் தெரிந்தவர்களே என்பதை உங்களைவிட நன்றாக அறிந்தவர் யார்? ஆனால் நாள் முழுவதும் அந்தப் பக்கத்தை மட்டுமே பார்க்கிற வேலை உங்களுடையது. ஒழுங்காக வீடு திரும்பும் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் உங்கள் மேசைக்கு வருவதில்லை. டியூஷன் அறை திறந்திருக்கிறதா, மற்ற பிள்ளைகள் இருக்கிறார்களா, யார் அழைத்து வருகிறார்கள் என்று ஒரு தடவை நேரில் போய்ப் பாருங்கள். சரியாக இருந்தால் அனுப்புங்கள். பிடிக்காத தொடுதலுக்கு 'வேண்டாம்' என்று சொல்லவும், எதையும் உங்களிடம் வந்து சொல்லவும் மகளுக்குக் கற்றுக்கொடுங்கள். அடைத்துவைப்பதைவிட இது பெரிய காவல். தம்பியிடம் 'அன்னைக்கு உன்மேல கோபம் இல்லடா, எனக்கு உடம்பு சரியில்ல' என்று சொல்லிவிடுங்கள்.

இனி அலுவலகம். தியானம் பண்ணுங்கள், நடைப்பயிற்சி போங்கள், பாட்டுக் கேளுங்கள் என்று அறிவுரை சொல்லி முடித்துக்கொள்ள எனக்கு மனசில்லை. அவை நல்லவைதான். ஆனால் காயம் வேலையில் படும்போது, மருந்தை மட்டும் வீட்டில் தேடச் சொல்வது அநியாயம். சமயபுரம் உங்களுக்குப் பக்கத்து ஊர். அங்கே பக்தர்களுக்காக மாரியம்மனே பச்சைப் பட்டினி விரதம் இருக்கிறாள். மாசிக் கடைசி ஞாயிறு தொடங்கி 28 நாள், தளிகை கிடையாது. துள்ளுமாவும் நீர்மோரும் பானகமும் இளநீரும்தான். பிள்ளைகளுக்காகப் பட்டினி கிடக்கும் அந்தத் தாய்க்கும் விரதம் முடிகிற நாள் என்று ஒன்று இருக்கிறது. உங்களுக்கு அப்படி ஒரு நாளை உங்கள் அலுவலகம் குறித்துக் கொடுத்திருக்கிறதா?

அலுவலகத்திடம் கேட்க வேண்டியவை அதிகமில்லை. கடுமையான வழக்குகள் தொடர்ந்து ஒரே ஆளிடம் வராமல் சுற்றுமுறையில் பிரியட்டும். வீட்டு விசாரணைக்கு இரண்டு பேர் போகட்டும். ஒரு குழந்தை இறந்துபோனாலோ, மிக மோசமான வழக்கு முடிந்தாலோ, அடுத்த நாள் அறிக்கை எழுதுவது போன்ற மேசை வேலை கொடுக்கட்டும். மாதம் ஒரு தடவை, சம்பளத்தையும் மதிப்பீட்டையும் கையில் வைத்திருக்காத ஒரு வெளியாளோடு, குழந்தையின் விவரங்களைச் சொல்லாமல், வழக்குகள் உங்களுக்குள் விட்டுப்போகும் பாரத்தைப் பற்றிப் பேச நேரம் ஒதுக்கட்டும். இந்தக் கடைசி ஏற்பாட்டுக்கு மிஞ்சிய மருந்தில்லை என்பது என் அனுபவம். தன் மேலதிகாரியிடம் 'எனக்குத் தாங்கவில்லை' என்று ஒப்பந்த ஊழியர் எப்படிச் சொல்வார்? அடுத்த வருஷம் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படுமா என்ற பயம் நியாயமானது. எனவே தனியாகக் கேட்காதீர்கள், நாலைந்து பேர் சேர்ந்து எழுத்தில் கொடுங்கள். இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்: ஒரு துயரம் நடந்த மறுநாளே எல்லாரையும் வட்டமாக உட்காரவைத்து நடந்ததை விவரிக்கச் சொல்லும் ஒரு நாள் கூட்டம் வேண்டாம். அது மனக்காயத்தைத் தடுப்பதில்லை, சிலருக்குக் கெடுதலும் செய்கிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

மாமியாரிடம் கோபிக்காதீர்கள். மனசு கலங்கியவர்களைக் குணசீலத்துக்கு அழைத்துப் போவது தலைமுறை தலைமுறையாக இந்தப் பக்கத்து வழக்கம். பெருமாளைச் சேவித்து வந்தால் உங்களுக்கு ஆறுதல் கிடைக்குமென்றால் தாராளமாகப் போங்கள், அவரோடே போங்கள். ஆனால் ஒரு மண்டலம் தங்கியாவது பார்ப்போம் என்று வைத்தியத்தைத் தள்ளிப்போடக் கூடாது. ஆடியில் தொடங்கியது ஒரு மாதம் தாண்டியும் நீடிக்கிறது, தூக்கத்தைக் கெடுக்கிறது, உறவைக் கெடுக்கிறது. இதுவே மருத்துவரைப் பார்க்கப் போதுமான காரணம். திருச்சியில் மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். ராத்திரி இரண்டு மணிக்கு விழித்து மூச்சு முட்டினால் 14416. டெலி மானஸ் என்ற இந்தச் சேவையை 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கியது. இலவசம், எந்நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம். செத்துப்போகலாம் என்ற நினைப்பு ஒரு கணம் வந்தாலும் விடியும் வரை காத்திருக்க வேண்டாம், வீட்டில் உள்ளவரை எழுப்பிச் சொல்லுங்கள், அழையுங்கள்.

மருத்துவர் முதலில் ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்க்கச் சொல்லலாம். நம் பெண்களில் பலருக்கு ரத்தசோகை இருக்கிறது. படபடப்பையும் அசதியையும் அது கூட்டும். மனக்காயத்துக்கென்றே உள்ள பேச்சு சிகிச்சைகள் நன்றாகப் பலன் தருகின்றன. தேவைப்பட்டால் மாத்திரையும் தருவார்கள், இதற்கு முதலில் தருவது பொதுவாக அடிமைப்படுத்தும் மாத்திரை இல்லை. மெடிக்கல் ஷாப்பில் கேட்டுத் தூக்க மாத்திரை வாங்கிப் போடுவதை மட்டும் செய்யாதீர்கள். அது இந்தக் காயத்தை ஆற்றாது, விடுவதும் கஷ்டம். உங்கள் ஆண் சகாக்களில் யாராவது சாயங்காலமானால் டாஸ்மாக் பக்கம் ஒதுங்குகிறார் என்றால், அவருக்கும் இதே காயம் இருக்கலாம் என்று யோசித்துப் பாருங்கள்.

சமூகப் பணியாளர்களை ஆய்வு செய்து பிரையன் பிரைட் குழுவினர் 2004-இல் 17 கேள்விகள் கொண்ட அளவுகோல் ஒன்றை உருவாக்கினார்கள். அது கடந்த ஏழு நாளைப் பற்றி மட்டுமே கேட்கும். அதே முறையில் ஞாயிறுதோறும் ஒரு நோட்டில் எழுதி வாருங்கள்: எத்தனை இரவு தூங்கினேன், வேலைக் காட்சி கூப்பிடாமல் எத்தனை தடவை வந்தது, எதைத் தவிர்த்தேன், யாரிடம் எரிந்து விழுந்தேன். மருத்துவரிடம் அந்த நோட்டைக் காட்டுங்கள், உங்கள் நினைவைவிட அது அவருக்கு உதவும்.

வேலையை விடுவதா? தூக்கம் கெட்டிருக்கும்போது அந்த முடிவை எடுக்காதீர்கள். சில மாதம் நேரடி விசாரணையிலிருந்து விலகி, பள்ளி விழிப்புணர்வு, ஆவணப் பணி என்று மாற்றிக் கேளுங்கள். சரியான பிறகும் வேண்டாம் என்று தோன்றினால் தயங்காமல் விடுங்கள், அதில் தோல்வி ஒன்றும் இல்லை. கொலம்பியாவில் அரசியல் வன்முறைக்கு ஆளானவர்களோடு வேலை செய்த சிகிச்சையாளர்களிடம் எர்னாண்டஸ், கான்சி, எங்ஸ்ட்ராம் என்ற மூவர் நடத்திய ஆய்வு 2007-இல் வெளிவந்தது. பாதிக்கப்பட்டவர்களின் வலி மட்டுமல்ல, அவர்கள் மீண்டு எழும் உறுதியும் சிகிச்சையாளர்களுக்குள் இறங்குகிறது என்று அதில் கண்டார்கள். எங்கள் துறையில் நீண்டகாலம் நிற்கிறவர்கள் அப்படித்தான் நிற்கிறார்கள். ஆனால் அந்த உறுதி இறங்க வேண்டுமானால் குழந்தை மீண்ட பிறகும் அவளைப் பார்க்கும் வாய்ப்பு உங்களுக்கு இருக்க வேண்டும். வழக்கு முடிந்ததும் கோப்பை மூடி அடுத்ததை நீட்டுவது நம் வழக்கமாகிவிட்டது. பாதிக்கப்பட்ட குழந்தை பள்ளிக்குத் திரும்பிய செய்தியாவது அவளை அழைத்துப் போன ஊழியருக்குத் தெரிவிக்கப்பட வேண்டும். நாலைந்து பேர் சேர்ந்து எழுதும் அந்தக் கடிதத்தில் இதையும் ஒரு கோரிக்கையாகச் சேருங்கள்.

மருத்துவமனைக்குப் போக விடுப்பு எழுதும்போது 'காய்ச்சல்' என்றோ 'சொந்த வேலை' என்றோ போடாதீர்கள். 'பணி தொடர்பான மன அழுத்தத்துக்கு மருத்துவரைப் பார்க்க ஒரு நாள் விடுப்பு வேண்டும்' என்று எழுதி, தேதி போட்டு, ஒரு நகலை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள்.